‘வயசாயிருச்சுல்ல’: ஒரு சொல்லின் வரலாறு

நம் குடியிருப்பில் அப்பத்தாவோ, அம்மாச்சியோ, தாத்தாவோ இல்லாத தளம் இருக்காது. அவர்களில் ஒருவர் காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு, “எனக்கு இன்னும் சோறு போடலை” என்று உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன நினைப்பீர்கள்? “வயசாயிருச்சுல்ல” என்று விட்டுவிடுவீர்கள். அல்லது, “மருமக சரியாப் பாக்கலை போல” என்று ஒரு நொடியாவது தோன்றும். இந்த இரண்டு எண்ணங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் இரண்டையும் கைவிடுவது எளிது.

முதலில் வயது. நம் தேனிப் பக்கம் “புத்தி தடுமாறிருச்சு”, “சின்னப்புள்ளையா மாறிட்டாரு” என்போம். இலங்கைத் தமிழர்கள் “அறளை பேர்ந்திட்டுது” என்பார்கள். இந்தியில் ‘சட்டியானா’ என்ற சொல்லே அறுபது என்ற எண்ணிலிருந்து பிறந்தது. எந்தச் சொல்லிலும் நோய் என்ற எண்ணம் இல்லை. நரை போல, மூட்டுவலி போல, இதுவும் வயதோடு வருவது என்றே பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இதைப் படிக்காதவர்களின் அறியாமை என்று நினைக்க வேண்டாம். மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1901-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவரிடம் அகஸ்டே டேட்டர் என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். அவருக்கு வயது 51. நினைவு தப்பியிருந்தது. அவர் 1906-இல் இறந்தபின் மூளையை ஆராய்ந்த அல்சைமர், தான் கண்ட மாற்றங்களை அதே ஆண்டு டூபிங்கன் நகரில் ஒரு கூட்டத்தில் விளக்கினார். 1910-இல் எமில் கிரெப்பலின் தன் பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரையே வைத்தார். ஆனால் அதை நடுவயதில் வரும் அபூர்வ நோயாகவே எண்ணினார்கள். எண்பது வயதில் வரும் மறதி வெறும் முதுமைக் கோளாறாகவே நின்றது. இரண்டும் பெரும்பாலும் ஒரே நோய்தான் என்று 1976-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் அழுத்தமாக எழுதிய பிறகே உலகம் விழித்துக்கொண்டது. மருத்துவத்துக்கே எழுபது ஆண்டுகள் ஆயின.

அடுத்தது பழி. நோய் என்ற எண்ணம் இல்லாத இடத்தில் மனசு வேறு காரணத்தைத் தேடும். கையருகே கிடைப்பது குடும்பம்தான். காசியில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் 1998-இல் ஒரு நூல் எழுதினார். ஒரு முதியவர் தடுமாறினால், அந்தக் குடும்பம் சரியில்லை என்பதற்கு அதையே அடையாளமாக அக்கம்பக்கத்தார் பார்த்ததை அதில் காட்டினார். கோவாவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்விலும் இதே கதைதான். மறதி நோயின் அறிகுறிகளைச் சொன்னதும் மக்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆனால் பிள்ளைகள் அன்பு காட்டாததால், கவனிக்காததால் வந்தது என்றார்கள். 2003-இல் கேரளத்திலிருந்து வெளியான இன்னொரு ஆய்வு, பார்த்துக்கொள்பவர்கள் பக்கம் திரும்பியது. அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், பலர் மருமகள்கள். உதவி கிடைக்கவில்லை, உறவினரின் குறைசொல்தான் கிடைத்தது. பலருடைய மனநலமே கெட்டிருந்தது.

ஆக, ஒரு சொல் இரண்டு பேரைக் காயப்படுத்துகிறது. “வேணும்னே பண்றாங்க” என்று முதியவர் திட்டு வாங்குகிறார். “ஒழுங்காப் பாக்கலை” என்று மருமகள் திட்டு வாங்குகிறார். தப்பு இருவர் மேலும் இல்லை.

எல்லாச் சமூகமும் இப்படிப் பழி சொல்வதில்லை. அமெரிக்கப் பழங்குடிகளான சாக்டா மக்களைப் பற்றி 2002-இல் வந்த ஆய்வில், நோயாளி இல்லாத ஆட்களோடு பேசுவதை, மறு உலகத்தோடு நடக்கும் பேச்சாகக் குடும்பம் மதித்தது. கனடாவின் பழங்குடி மூத்தவர்கள் சிலர் இதைக் குழந்தைப் பருவத்துக்குத் திரும்புவது என்கிறார்கள். நம் ‘சின்னப்புள்ளை’யும் அதுதானே! இந்த நம்பிக்கையில் அவமானம் இல்லை, ஒதுக்குதல் இல்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது. ஆனால் மதிப்பு மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில், பழங்குடியினர் வாழ்க்கைக்கு ஏற்ற கேள்விகளை வைத்தே ஒரு சோதனையை உருவாக்கினார்கள். 45 வயதைத் தாண்டியவர்களில் 12.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருந்தது தெரிந்தது. தேதியும் கணக்கும் கேட்டு எல்லோரையும் அளக்க முடியாது. பள்ளிக்கூடம் போகாத நம் அப்பத்தாவுக்கும், நம் மலைகளில் வாழும் பளியர், முதுவர் மூத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

நம் நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. 1992-இல் கேரளத்தில் இந்திய அல்சைமர் சங்கம் தொடங்கியது. சென்னையை அடுத்த திருப்போரூர்க் கிராமங்களில் அறுபதைக் கடந்தவர்களைச் சோதித்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு 3.5 சதவீதம் பேருக்கு மறதி நோய் என்றது. அண்மையில் நாடு முழுவதும் எடுத்த கணிப்பு 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்கிறது. கிராமத்தில் இது வராது என்ற பேச்சும் இதனால் பொய்யாகிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்? மறதி கூடிக்கொண்டே போனால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் நினைவு தடுமாறும். இவற்றுக்கு மருந்து உண்டு. அல்சைமர் நோயை முழுதாகக் குணமாக்க முடியாது. ஆனாலும் முன்கூட்டியே தெரிந்தால் குடும்பம் தயாராகலாம். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்களை அழைக்கலாம்.

அக்கம்பக்கத்தாருக்கும் வேலை உண்டு. “என்னைத் தெரியுதா?” என்று பரீட்சை வைக்காமல் உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். தனியாக கேட்டைத் தாண்டுபவரைக் காவலாளி அதட்டாமல் பேச்சுக் கொடுத்து நிறுத்தி, வீட்டுக்குச் சொல்லட்டும். பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் மாமியாரைப் பற்றி விசாரிக்கும் முன், “நீ சாப்பிட்டியாம்மா?” என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, அவரைக் கடைக்குப் போய்வரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலேயே இந்த நிலை என்றால் மறைக்க வேண்டாம், சங்கத்திடம் சொல்லுங்கள். இது நோய். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.