குதிரைகளை எண்ணிய பெண்கள்

மூவேந்தர் தோற்றிருந்தால் பறம்பு என்னவாகியிருக்கும்? பெரம்பலூரில் பச்சைமலையைப் பார்த்து வளர்ந்த என் மாணவிகளுக்கு இது எளிய கற்பனை. சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' படித்தவர்கள் வேந்தரில்லாத மலைக் குடியரசையே வரைந்துவிடுகிறார்கள்.

அதற்கான பொருள் கபிலரிடமே இருக்கிறது. உழாமலே நான்கு விளையும் மலை என்கிறார் (புறம் 109): மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகையிட்டுப் பட்டினி போட முடியாத நாடு. 300 ஊர்களும் ஏற்கெனவே பரிசிலர் கைக்குப் போய்விட்டன (110). ஆனாலும் குடியரசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாரி ஒரு வேள்; கொடுக்கப்பட்ட ஊர்களில் குடியிருந்தவர்களை யாரும் கேட்டதாகப் பாட்டில்லை.

நான் நின்றுவிடுவது 116ஆம் பாட்டில். மலை போனபின் பாரியின் மகளிர் முள்வேலியிட்ட சிறு வீட்டில் இருக்கிறார்கள். சுரையும் பீர்க்கும் படர்ந்த வீடு. குப்பைமேட்டில் ஏறி, உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். முன்பு இவர்கள் எண்ணியது போருக்கு வந்த வேந்தரின் குதிரைகளை. இதைக் கபிலர் அவலமாகப் பாடுகிறார். எனக்கோ வேறொன்று தெரிகிறது: எதிரியின் படையைக் கணக்கெடுத்த பெண்கள் அந்த மலையில் இருந்திருக்கிறார்கள். விளையாட்டாகவே எண்ணியிருக்கட்டும், எண்ணத் தெரிந்த கண் அது. மாற்று வரலாறு எழுதுவதென்றால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

அவர்களே பாடியது 112 மட்டும். ஐந்தே அடிகள். போன மாத நிலவில் தந்தையும் குன்றும் இருந்தன, இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. தோற்றவர் தரப்பிலிருந்து, பெண் குரலில், போர் முடிந்த ஒரு மாதத்தில் எழுந்த சாட்சியம். இதைக் கையறுநிலை என்று துறை எழுதி மூடிவிடுகிறோம்.

பிறகு அவர்கள் பேசவில்லை. கபிலர் விச்சிக்கோனிடம் அழைத்துப் போகிறார் (200), இருங்கோவேளிடம் போகிறார் (201, 202), இருவரும் மறுக்கிறார்கள். பார்ப்பாரிடம் ஒப்படைத்தார் என்கிறது பாடலின் அடிக்குறிப்பு. திருக்கோவலூர்க் கோயிலிலுள்ள இராசராசன் காலக் கல்வெட்டோ பாரி மகளை மலையனுக்குக் கொடுத்தார் என்கிறது. யாருக்கு என்பதில்தான் வேறுபாடு, கொடுத்ததில் இல்லை.

அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் புறநானூற்றில் கிடையாது, பின்வந்த மரபு தந்தவை. 2007இல் 'சிவாஜி' படம் அவற்றைக் கறுத்த பெண்களைக் கேலி செய்யும் காட்சிக்கு எடுத்துக்கொண்டது. இன்றும் பெயரைச் சொன்னால் வகுப்பில் சிரிப்பு எழும். அடங்கட்டும் என்று காத்திருந்துதான் 112ஐ எடுக்கிறேன்.