பனியன் ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள்

நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கும் திருப்பூர் 1917-இல் நகராட்சியானது. அப்போது அது பருத்திச் சந்தையும் ஜின்னிங் ஆலைகளும் உள்ள ரயிலடி ஊர். சுற்றுப்புறத்து நிலங்களில் விளைந்த பருத்தி அங்கே வந்து இறங்கியது. கதர் இயக்கக் காலத்தில் கதருக்கும் பேர் பெற்றது. பனியன் பின்னும் எந்திரம் 1920-களில் கல்கத்தாவிலிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்து முதல் கம்பெனியைத் தொடங்கியவர்கள் முஸ்லிம் வியாபாரிகள். நகர மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இன்றும் முஸ்லிம்.

அடுத்து வந்தவர்களே ஊரின் முகத்தை மாற்றினார்கள். கிணற்றுத் தண்ணீரை நம்பிய வெள்ளாமை கைகொடுக்காமல் போனபோது, கொங்கு வேளாளக் கவுண்டர் வீட்டு இளைஞர்கள் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தார்கள். தொழில் பிடிபட்டதும் நிலத்தை விற்றோ சொந்தபந்தத்தில் கடன் வாங்கியோ நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து எந்திரம் போட்டார்கள். முதலாளியே தொழிலாளிகளோடு எந்திரத்தில் உட்கார்ந்து தைத்த காலம் அது. ஒரே தலைமுறையில் கூலிக்காரர் முதலாளியானது உழைப்பின் பலன் என்று ஊர் பெருமையாகச் சொல்லும். உழைப்பு உண்மைதான். ஆனால் அதே கிராமங்களிலிருந்து அதே கம்பெனிகளுக்கு வந்த அருந்ததியர்களும் உழைத்தார்கள். விற்க நிலமோ கடன் தர உறவோ இல்லாததால் அவர்களில் முதலாளியானவர்கள் மிகச் சிலரே.

1978-இல் இத்தாலியிலிருந்து ஒரு வியாபாரி சரக்குத் தேடி வந்த பின் ஏற்றுமதிக்கு வழி திறந்தது. 1985-இல் ஏறத்தாழ 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 1990-இல் 300 கோடியை நெருங்கியது. மக்கள்தொகையும் பின்னாலேயே ஓடியது. 1951-இல் சுமார் 52 ஆயிரம் பேர் இருந்த நகராட்சியில் 1991-இல் 2.35 லட்சம் பேர் இருந்தார்கள். அதன் பிறகு வளர்ச்சி நகராட்சி எல்லைக்கு வெளியேயும் பரவியது. புறநகரையும் சேர்த்த தொகை 1991-இல் 3 லட்சம், 2001-இல் 5.5 லட்சம், 2011-இல் 9.6 லட்சம். வாடகை குறைவான வேலம்பாளையம், நல்லூர்ப் பக்கம் லைன் வீடுகள் பெருகின. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்கள் அவற்றில் குடியேறின. 2000-க்குப் பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள்.

கூலி சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். காலையில் தொடங்கி இரவு வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். வாரச் சம்பளம் அந்த அரை ஷிப்டை நம்பியே இருக்கும். ஓவர்லாக் டெய்லருக்குக் கிடைக்கும் கூலி செக்கிங், கைமடி வேலைக்குக் கிடைப்பதில்லை. அந்த வேலைகளில் பெரும்பாலும் பெண்கள். 1984-இல் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்து ஒப்பந்தத்தில் முடிந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொழிலாளர், முதலாளி என இரு தரப்புச் சங்கங்களும் உட்கார்ந்து கூலி பேசி முடிப்பது வழக்கமாயிற்று. ஆனால் முதலாளிகள் கம்பெனிகளைச் சிறு யூனிட்டுகளாகப் பிரித்து வேலையைக் கான்ட்ராக்டில் விட்டபோது, ஒப்பந்தக் கூலி பலரை எட்டாமலே போனது. பீஸ் ரேட் அதன் இடத்தைப் பிடித்தது.

வருமானத்துக்கு ஆறு விலை கொடுத்தது. சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரை பாசனத்தைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் வேலையிழந்த பல குடும்பங்கள் சொந்த ஊருக்குத் திரும்பின. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு வந்த பின் தொழில் மீண்டது. 2024-25-இல் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை நெருங்கியது. 2008-இல் மாநகராட்சியும் 2009-இல் மாவட்டத் தலைநகரும் ஆன திருப்பூர், புறநகரில் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்ட பின் 2011 கணக்குப்படி 8.78 லட்சம் பேர் வாழும் நகரம். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. வடக்கிலிருந்து வந்தவர்கள் பெருகிய ஆண்டுகள் அதனால் விடுபட்டுப்போயின.