வரிப் பதிவேட்டில் இல்லாத பெயர்: தங்கவயல் லைன் வீடுகளும் மேல்முறையீட்டு உரிமையும்

வீட்டுவரி மிகையாக விதிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம் என்பது நகராட்சிச் சட்டங்கள் அனைத்திலும் காணப்படும் உரிமை. அவ்வுரிமைக்கு எழுதப்படாத முன்நிபந்தனை ஒன்று உண்டு. முறையிடுபவரின் பெயர் வரிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். கோலார் தங்கவயலின் வரலாறு இந்த முன்நிபந்தனையின் கனத்தை உணர்த்துகிறது.

வரிவிதிப்பின் அடிப்படை ஒரு கற்பனை. குறிப்பிட்ட வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடே அது. இங்கிலாந்தின் 1836ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்த இம்முறையையே 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டமும் ஏற்றது. எதிர்பார்க்கத்தக்க வாடகையில் கட்டடத்துக்குப் பத்து விழுக்காடு கழித்து ஆண்டு மதிப்பு கணக்கிடப்பட்டது. வரி செலுத்தும் பொறுப்பு உரிமையாளருடையது. மதிப்பு மிகையெனக் கருதுபவர் முதலில் செயல் அலுவலரிடம் திருத்த மனுவும், பின்னர் நகரமன்றத்திடம் மேல்முறையீடும் செய்யலாம்.

இவ்வழி வெறும் சடங்கன்று. இதே சட்டத்தின்கீழ் குண்டூர் வரி செலுத்துவோர் சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படியான நியாய வாடகையை மீறி ஆண்டு மதிப்பை நிர்ணயிக்க இயலாது என்றும், எவரும் நியாய வாடகையை முன்கூட்டி நிர்ணயிக்காவிடினும் நகராட்சியே அந்நெறியைப் பின்பற்ற வேண்டும் என்றும் 1970இல் நீதிமன்றம் கூறியது. சங்கமாகத் திரண்ட வீட்டுக்காரர்கள் நகராட்சியின் கணக்கையே மாற்றினர்.

தங்கவயலில் நிலைமை வேறு. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், நிறுவன நிலத்தில் அமைந்த லைன்களில் குடியேறினர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் என்று பரவிய இக்குடியிருப்புகளில் வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தன. வேலை போனால் வீடும் போகும். வாடகைச் சந்தை இல்லாத இடத்தில் 'எதிர்பார்க்கத்தக்க வாடகை' என்ற கற்பனைக்கும் பொருளில்லை. அருகிலிருந்த ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகிய ஊர்களில் மட்டுமே சொந்த வீடும் வரிச்சீட்டும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டக்கூடியவையாக இருந்தன.

உரிமையாளர் மாறினார், குடியிருப்பவரின் நிலை மாறவில்லை. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசின் கைக்குச் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. சட்ட நோக்கில் இம்மாற்றம் சிறியதன்று. மத்திய அரசின் சொத்துக்கு அரசமைப்பின் 285ஆம் பிரிவு உள்ளூர் வரியிலிருந்து விலக்களிக்கிறது. அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் சொத்துக்கு அவ்விலக்கு இல்லை. கோர்பா நிலக்கரிச் சுரங்கங்களின் சொத்துவரி வழக்கில் 1980களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எனினும் அது நிறுவனத்துக்கும் உள்ளாட்சிக்கும் இடையிலான வழக்கு. வீட்டில் வாழ்ந்தவர் அதில் ஒரு தரப்பே அல்லர்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதே ஆண்டில் கர்நாடக நகராட்சிகள் சட்டம் திருத்தப்பட்டு, வாடகை மதிப்புக்குப் பதிலாக மூலதன மதிப்பும் சுயமதிப்பீடும் வந்தன. நிலத்தின் வழிகாட்டு மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் கொண்டு உரிமையாளரே தம் வரியைக் கணக்கிட வேண்டும். வேலை முடிந்தும் லைன்களை விட்டுப் போக இடமின்றித் தங்கியிருந்த குடும்பங்கள் எந்த உரிமையில் கணக்கிடுவது?

கர்நாடகத்தில் 'காத்தா' எனப்படும் பதிவு வரி செலுத்துவதற்கான கணக்கே. அது உரிமைப் பத்திரம் ஆகாது. பதிவேட்டுப் பெயர்மாற்றம் உரிமையை உண்டாக்கவும் அழிக்கவும் இயலாது என்று உச்ச நீதிமன்றமும் பலமுறை கூறியுள்ளது. ஆயினும் நடைமுறையில், பத்திரமில்லாத ஏழைக்கு வரிச்சீட்டே இருப்பின் முதற்சான்று.

எனவே முன்னாள் தொழிலாளர்களின் வீட்டுரிமைக் கோரிக்கையைக் கூரைக்கான கோரிக்கையாக மட்டும் வாசிப்பது போதாது. குண்டூரில் வரி செலுத்துவோர் தம் சுமையைக் குறைக்கக் கோரினர். தங்கவயலின் லைன்களில் வாழ்வோர் அந்தச் சுமையைத் தம் பெயரில் எழுதுமாறு கோருகின்றனர். வரி மிகையென்று வழக்காடும் நாள் அதன் பிறகே வரும்.