ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா கிடைக்காத விவாகரத்து

2018ல் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருத்தரும் அவர் மனைவியும் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து கேட்டு மனு போட்டார்கள். சண்டை எதுவும் இல்லை. வீட்டு லோனை யார் கட்டுவது, மகள் யாரிடம் இருப்பது, எந்த லீவுக்கு எங்கே போவது, எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் பேசி முடித்தாயிற்று. குடும்ப நல நீதிமன்றத்துக்குத் துணைக்குப் போனது நான். வாக்குமூலம் பதிவானதும், ஆறு மாசம் கழித்து வாருங்கள் என்று தேதி கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அந்தப் பெண் கேட்டார்: "கல்யாணத்தப்போ யாரும் ஆறு மாசம் யோசிச்சிட்டு வாங்கன்னு சொல்லலையேண்ணா?"

ஸ்பெஷல் மேரேஜ் ஆக்டில் கல்யாணத்துக்கும் முப்பது நாள் நோட்டீஸ் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த ஆறு மாசம் எங்கிருந்து வந்தது?

தேடப் போனால் முதல் ஆச்சரியம், இது நம்ம பக்கம் புதுசே இல்லை. பல சமூகங்களில் ஊர்க்கூட்டத்தில் பேசி "அத்து விடுவது" வழக்கமாகவே இருந்தது. துரும்பைக் கிள்ளிப் போட்டால் உறவு முடிந்தது என்று அர்த்தம். அறுத்துக் கட்டுவதும் சகஜம். இன்னும் சுவாரசியம், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மலபாருக்காக வந்த 1932ஆம் வருஷத்து மருமக்கத்தாயச் சட்டம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் திருமணம் ரத்து. நிலம் விற்கிற மாதிரி. கோர்ட்டுக்குப் போக வேண்டியது, ஒருத்தர் மட்டும் பிரிய விரும்பினால்தான். முஸ்லிம்களிடம் முபாரத் என்ற பெயரில், இருவரும் ஒத்துக்கொண்டு பிரிகிற முறை முன்பிருந்தே உண்டு.

பிறகு 1955ல் இந்து திருமணச் சட்டம் வந்தது. விவாகரத்து என்பதே சாஸ்திரத்தில் இல்லை என்று நம்பியவர்கள் நிறைந்த நாட்டில், எல்லா இந்துக்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வழக்கப்படி நடக்கும் விவாகரத்துகளையும் 29ஆம் பிரிவு அப்படியே விட்டு வைத்தது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இல்லாதவர்கள் கோர்ட்டுக்கு வந்து ஒரு தவறை நிரூபித்தாக வேண்டும்: தகாத உறவு, மதமாற்றம், தீராத மனநோய், துறவு, ஏழு வருஷம் தகவலே இல்லாமல் போனது என்று ஒரு பட்டியல். கொடுமையும் கைவிட்டுப் போவதும்கூட அன்றைக்கு விவாகரத்துக்குப் போதாது, நீதிமன்றப் பிரிவினை மட்டும்தான் கிடைக்கும்.

23ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை வேறு. மனு, எதிர்தரப்போடு கூட்டுச் சேர்ந்து போட்டதாக இருக்கக்கூடாது. ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து வந்த சிந்தனை இது. ஒருத்தர் குற்றவாளி, இன்னொருத்தர் பாதிக்கப்பட்டவர். ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்தால் அது கோர்ட்டை ஏமாற்றுவது. ஆக, ரெண்டு பேரும் சுமுகமாக முடிவெடுத்திருந்தால் அதையே மறைக்க வேண்டும். சண்டை போடாதவர்கள் சண்டை போட்டதாக நடிக்க வேண்டும். என் நண்பர்கள் 1960ல் வந்திருந்தால் அந்த எக்செல் ஷீட்டே அவர்களுக்கு எதிரான சாட்சி!

வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1954ல், இதே பாராளுமன்றம்தான் ஸ்பெஷல் மேரேஜ் ஆக்டில் பரஸ்பர சம்மத விவாகரத்தை அனுமதித்திருந்தது. ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். பதிவுத் திருமணம் செய்தவருக்குக் கிடைத்தது, தாலி கட்டியவருக்குக் கிடைக்க 1976 ஆனது. எமர்ஜென்சி நேரத்தில் வந்த திருத்தம் அது. 13பி என்ற பிரிவு அப்போதுதான் நுழைந்தது. காத்திருப்பும் ஆறு மாசமாகக் குறைந்தது. கிறிஸ்தவர்கள் 2001 வரை காத்திருந்தார்கள்.

1976ல் 23ஆம் பிரிவில் ஒரு வரியும் சேர்த்தார்கள்: சம்மதம் மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கப்பட்டதல்ல என்று கோர்ட் திருப்திப்பட வேண்டும். கூட்டுச் சேரக்கூடாது என்ற பழைய வரிக்கு நேர் மேலே அது உட்கார்ந்திருக்கிறது. முன்பு "இவங்க நிஜமாவே சண்டை போட்டாங்களா" என்று சந்தேகப்பட்ட சட்டம், இப்போது "இவங்க நிஜமாவே ஒத்துக்கிட்டாங்களா" என்று சந்தேகப்படுகிறது.

இந்தச் சந்தேகம் வீண் என்றுதான் நானும் நினைத்தேன், இமாச்சலப் பிரதேசம் ஹமீர்பூர் வழக்கைப் படிக்கும் வரை. 1968ல் கல்யாணம். சேர்ந்து வாழ்ந்தது சில மாசம்தான். 1985 ஜனவரியில் பரஸ்பர மனு, மறுநாளே வாக்குமூலம். ஒரு வாரத்துக்குள் அந்தப் பெண் திரும்ப வந்து மனு கொடுக்கிறார்: என் சம்மதம் மிரட்டி வாங்கியது, கோர்ட்டுக்கு வரும் முன் என் சொந்தக்காரங்களைப் பார்க்கக்கூட விடவில்லை. மாவட்ட நீதிபதி விவாகரத்தை மறுத்தார், உயர் நீதிமன்றம் கொடுத்தது, 1991ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கடைசி உத்தரவு வரும் வரை சம்மதம் உயிரோடு இருக்க வேண்டும், நடுவில் யாரும் பின்வாங்கலாம் என்று தீர்ப்பு.

என் தொழிலில் இதை டூ ஃபேஸ் கமிட் என்போம். ரெண்டு பேங்க் சர்வரும் முதல் சுற்றில் "தயார்" சொன்னால்தான் அடுத்த சுற்றில் பணம் நகரும். அங்கே ஒருமுறை தயார் என்று சொன்ன சர்வர் பின்வாங்க முடியாது. இங்கே முடியும், அந்த இடைவெளியே அதற்காகத்தான். அது இல்லையென்றால் அந்தப் பெண் போட்ட கையெழுத்தே கடைசி.

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான். என் நண்பர்கள் பதினாலு மாசம் இருந்தது அப்படித்தான். ஈஎம்ஐ ஓடும்போது ரெண்டு வீட்டு வாடகை யார் கொடுப்பது?

2017ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு மாசத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. சமரசம் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளைகள் பொறுப்பும் முடிவாகியிருக்க வேண்டும், முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும். இவர்களுக்கு நாலு மாசம் குறைந்தது. கேட்டுப் பார்ப்பதற்கே வழியில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

ஆறு மாசம் கழித்து மறுபடி போனோம். நீதிபதி அவரிடம் ஒரே கேள்வி கேட்டார், யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று. இல்லை என்றார். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. திரும்பி வரும்போது ஹமீர்பூர் கதையை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். அப்புறம், "அந்தம்மாவுக்கு அந்த ஆறு மாசம் வேணும்தான். எனக்கு வேண்டாம். அதை எப்படிண்ணா கண்டுபிடிப்பாங்க?" என்றார்.