எம்.ஆர்.ஐ. பரிசோதனையும் நோயாளரின் அசைவும்

மாவனல்லையைச் சேர்ந்த ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. பரிசோதனை தேவைப்பட்டு, அவர் கண்டிக்கு அனுப்பப்பட்டால் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடக்க வேண்டும். கொழும்புக்கு அனுப்பப்பட்டால் மேலும் நெடுந்தூரம் பயணிக்க வேண்டும். திகதி பெற்று, கூலி நாளை இழந்து செல்லும் அவரது படம், சில கணங்களின் அசைவினால் பயனற்றுப் போகலாம். இதன் காரணத்தை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நலம்.

எம்.ஆர்.ஐ. கருவி, புகைப்படக் கருவியைப் போல நொடியில் படம் பிடிப்பதில்லை. வலிமையான காந்தப் புலத்தில், உடலிலுள்ள ஐதரசன் அணுக்கள் வெளியிடும் சமிக்ஞைகளை அது பல நிமிடங்களாகச் சிறிது சிறிதாகத் திரட்டுகிறது; பின்னர் அவற்றைக் கணினி படமாக்குகிறது. இடையில் உடல் அசைந்தால் முன்பின் தரவுகள் பொருந்தாமல், படம் மங்கும், நிழலுருவங்களும் தோன்றும்.

அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் ஐந்தில் ஒரு பரிசோதனையில் ஏதேனும் ஒரு பகுதியை மீண்டும் எடுக்க நேர்ந்துள்ளது. இதனால் ஒரு கருவிக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 115,000 டொலர் இழப்பு ஏற்படுவதாகவும் அவர்கள் மதிப்பிட்டனர்.

அசைவைத் திருத்தும் முயற்சிகள் பழையவை. 1989ஆம் ஆண்டில் ஏமனும் ஃபெல்ம்லியும், படமெடுக்கும்போதே இடப்பெயர்வை அளந்து கூறும் 'வழிகாட்டி எதிரொலி' முறையை முன்வைத்தனர். 1999ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பைப் அறிவித்த 'புரொப்பெல்லர்' முறை, காற்றாடி இதழ்கள் சுழல்வதைப் போலத் தரவுகளைச் சேகரிக்கிறது. ஒவ்வோர் இதழிலும் நடுப்பகுதி மீண்டும் பதிவாவதால், தலை திரும்பியதைக் கணினி கண்டறிந்து சரிசெய்ய இயல்கிறது. கமராவினால் தலையைத் தொடர்ந்து கவனிக்கும் முறைகளும், செயற்கை நுண்ணறிவு முறைகளும் இன்று உள்ளன. ஆயினும், எல்லா அசைவுக்கும் ஏற்ற மருந்து இவற்றில் எதுவுமில்லை. பதிவாகாத தகவலைக் கணினி ஊகித்து நிரப்பினால், இல்லாத நோய் இருப்பதாகவோ இருக்கும் நோய் மறைந்ததாகவோ காட்டும் ஆபத்தும் உண்டு.

ஆகவே, முதல் திருத்தம் கருவி இயங்கத் தொடங்கும் முன்னரே நிகழ வேண்டியது. ஒடுங்கிய குழாய்க்குள் பேரொலி கேட்டு அஞ்சும் முதியவருக்கு, 'மூச்சைப் பிடியுங்கள், அசையாதீர்கள்' என்னும் சொற்கள் புரியாத மொழியில் ஒலித்தால் என்ன பயன்? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இவ்வறிவுறுத்தல்களைத் தமிழில் பதிவுசெய்து காதணிக் கருவியில் ஒலிக்கச் செய்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சுகாதார அதிகாரிகள் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

நோயாளருக்கும் பொறுப்புண்டு. இருமல், வலி, அடைபட்ட இடத்தின் மீதான அச்சம் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புரியாததைக் கேட்கத் தயங்காதீர்கள். அசையாதிருக்கும் சில நிமிடங்கள், இன்னொரு நெடும்பயணத்தைத் தவிர்க்கக்கூடும்.