பெண் கன்று மட்டும் பிறக்க ஊசி: எந்த மாட்டுக்குப் போடலாம்? எங்கே பணம் வீணாகும்?

மாடு கன்னு போட்டதும் வீட்டுக்காரர் முதல்ல பார்ப்பது, காளையா கிடேரியா என்பதைத்தான். உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு, கலப்பினக் காளைக்கன்றை வளர்த்து என்ன செய்வது என்று தெரியாமல் தவிப்பவர்கள் அதிகம். அவர்களுக்காக வந்ததுதான் பாலினம் பிரித்த உறைவிந்து. ஊர்ப்பேச்சில், 'பெண் கன்னு ஊசி'.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

பெண் கன்றைத் தரும் எக்ஸ் விந்தணுவில், ஒய் விந்தணுவைவிட சுமார் 4% டிஎன்ஏ அதிகம். சாயம் ஏற்றி லேசர் ஒளியில் ஓடவிட்டால், எக்ஸ் கொஞ்சம் கூடுதலாக ஒளிரும். அதை வைத்து இயந்திரம் தனியே பிரித்துவிடும். சினை பிடித்தால் சுமார் 90% பெண் கன்றுதான்.

விலைதான் தடையாக இருந்தது. உள்நாட்டிலேயே உருவாக்கிய தொழில்நுட்பத்தை 2024 அக்டோபர் 5-ம் தேதி மகாராஷ்டிராவின் வாஷிமில் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். இதனால் ஒரு டோஸுக்கு சுமார் 200 ரூபாய் குறையும் என அரசு கூறியது.

சிக்கல் எங்கே?

'90%' என்பது சினை பிடித்த பிறகு வரும் கணக்கு. சினை பிடிப்பதே இதில் கொஞ்சம் கஷ்டம். சாதாரண குச்சியில் சுமார் 2 கோடி விந்தணுக்கள் இருக்கும். இதில் பெரும்பாலும் 20 முதல் 40 லட்சம்தான். பிரிக்கும்போது படும் பாட்டில் அவற்றின் ஆயுளும் குறைகிறது. அதனால நேரம் தப்பினா ஊசி வீண். அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்கணும், தீவனச் செலவு மட்டும் நிற்காது.

காலையில் பருவம் தெரிந்தால் மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை என்பது வழக்கமான ஊசிக்கான கணக்கு. இந்த ஊசிக்கு இன்னும் சற்றுத் தள்ளிப் போடச் சொல்கிறார்கள். மாடு கத்துவது, மற்ற மாட்டின் மேல் தாவுவது, கண்ணாடி போல வழும்பு ஒழுகுவது ஆகியவற்றை முதலில் பார்த்த நேரத்தைச் சரியாகச் சொல்ல வீட்டில் ஒருத்தர் வேணும். பகல் முழுக்க மேய்ச்சலில் விட்டு, இரவில் மட்டும் மாட்டைப் பார்க்கும் வீட்டில் இதுதான் முதல் ஓட்டை.

எந்த மாட்டுக்குப் போடலாம்?

நல்ல உடல்வாகுள்ள கிடேரி, ஒரு கன்று ஈன்ற ஆரோக்கியமான பசு. பெண் கன்று பொதுவாக எடை குறைவு என்பதால், முதல் ஈற்றில் கஷ்டமும் குறையும். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்கு, 'இதையாவது போட்டுப் பார்க்கலாம்' என்று போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த மாட்டுக்கு முதலில் கருப்பைப் பரிசோதனையும் தாது உப்புக் கலவையும் தேவை.

பால் எப்போது?

சினைக்காலம் 9 மாதத்துக்கு மேல். பிறந்த கன்று வளர்ந்து ஈன்று பால் தர, நன்றாகக் கவனித்தாலே இரண்டரை ஆண்டு ஆகும். ஆக இன்றைக்குப் போட்ட ஊசியின் பால் கேனுக்கு வர, மூன்று வருஷத்துக்கு மேல். அதுவரைக்கும் அந்தக் கன்றுக்குத் தீவனம், குடற்புழு நீக்க மருந்து, தடுப்பூசி எல்லாம் கையில் இருப்பதிலிருந்துதான் போகும். தீவனப் பயிர் போட ஒரு துண்டு நிலம்கூட இல்லாதவர், எத்தனை கிடேரிகளை வளர்க்க முடியும் என்று கணக்குப் போட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடலாம்.