சுகர் கன்ட்ரோலில் இருந்தும் ஹார்ட் அட்டாக்? - ரிப்போர்ட்டில் தெரியாத பரம்பரை ரிஸ்க்!

`அப்பாவுக்கு சுகர் கன்ட்ரோல்லதானே இருந்துச்சு... அப்புறம் எப்படி அட்டாக் வந்துச்சு?'

மருத்துவமனை வராண்டாவில் பலரும் கேட்கும் கேள்வி இது. சர்க்கரையின் அளவை மாதாமாதம் பார்க்கிறோம், மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கிறோம். ஆனால், `நம்ம குடும்பத்துல யாருக்கெல்லாம் ஹார்ட் பிரச்னை இருந்துச்சு?' என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறோமா? வயது, சர்க்கரை நோய் இரண்டுமே இதயத்துக்குச் சுமை. அதோடு பரம்பரையும் சேர்ந்தால், சுகர் ரிப்போர்ட் நல்லா இருக்கு என்பது மட்டும் போதாது.

எந்த வயதில் வந்தது?

பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு மரபணுவால் இதயநோய் வருவதில்லை. சின்னச் சின்ன மாற்றங்கள் பல சேர்ந்துதான் ரிஸ்க்கைக் கூட்டுகின்றன. இதைத் தெரிந்துகொள்ள காஸ்ட்லியான டி.என்.ஏ டெஸ்ட் எல்லோருக்கும் தேவையில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா, தங்கைக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அதைப் பரம்பரை ரிஸ்க்காக மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். 80 வயதில் வந்த அட்டாக்கும் 48 வயதில் வந்த அட்டாக்கும் ஒன்றல்ல. அதனால், வயதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

வழக்கமான டெஸ்ட்டில் வராத கொழுப்பு

லிப்பிட் புரொஃபைல் எடுத்தால் எல்.டி.எல், ஹெச்.டி.எல், டிரைகிளிசரைடு எல்லாம் வரும். லிப்போபுரோட்டீன்-ஏ வராது, தனியாகக் கேட்க வேண்டும். இது எல்.டி.எல் போன்ற ஒரு கொழுப்புத் துகள்தான். 1963-ல் நார்வே விஞ்ஞானி கோரே பெர்க் கண்டறிந்தது. ரத்தத்தில் இது எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் மரபணுதான் முடிவு செய்கிறது. எண்ணெயைக் குறைத்தாலும், தினமும் நடந்தாலும் இது பெரிதாகக் குறையாது. ஆயுளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும்.

டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ரிஸ்க் அதிகம். சில லேப்களில் நானோமோல் கணக்கில் தருவார்கள், அதில் 125. இதை ஸ்டாட்டின் மாத்திரை குறைக்காது. ஆனால், எல்.டி.எல்-ஐ நன்றாகக் குறைத்து மொத்த ஆபத்தைக் கீழே கொண்டுவரும். `கொலஸ்ட்ரால் நார்மல்னு வந்துடுச்சே, இந்த மாத்திரை எதுக்கு?' என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நார்மலாக வந்ததே அந்த மாத்திரையால்தான் இருக்கலாம்.

190-ஐத் தாண்டினால்...

மருந்து எடுக்காத நிலையில் எல்.டி.எல் 190-க்கு மேல் இருந்தால், அது பரம்பரை கொலஸ்ட்ரால் நோயாக இருக்கலாம். சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவிகித வாய்ப்பு. எனவே, பெரியவருக்கு இருப்பது தெரிந்தால் பிள்ளைகளும் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

இதயத் தசையைத் தொடும் மரபணு

அடைப்பு மட்டும்தான் இதயநோயா? இல்லை. இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம், இந்தியர்களில் சுமார் 4 சதவிகிதம் பேரிடம் இருப்பதாக 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. இது இருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. இளமையில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, வயதான பிறகு சிலருக்கு இதயத் தசை பலவீனமாகலாம். சர்க்கரை நோயும் அதே தசையைப் பாதிக்கக்கூடியதுதான். கால் வீக்கம், மல்லாந்து படுத்தால் மூச்சுமுட்டுவது போன்றவை இருந்தால் எக்கோ பார்ப்பது அவசியம்.

வலிக்காத அட்டாக்

நீண்டநாள் சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால், மாரடைப்பின்போது நெஞ்சுவலியே தெரியாமல் போகலாம். மூச்சுத்திணறல், திடீர் வியர்வை, குமட்டல், இதுவரை இல்லாத அசதி... இவை மட்டும்தான் அறிகுறியாக இருக்கும். `கேஸ் ட்ரபுளா இருக்கும், சோடா குடிங்க' என்றோ, `லோ சுகர்' என்று சாக்லேட் கொடுத்துப் படுக்க வைத்தோ நேரத்தைக் கடத்தக் கூடாது. குளுக்கோமீட்டரில் சுகர் குறைவாக இல்லை, ஆனாலும் வியர்க்கிறது என்றால், உடனே 108-ஐ அழையுங்கள்.

அப்போ, எல்லாம் தலையெழுத்தா?

இல்லை. 55,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. மரபணு ரிஸ்க் அதிகம் உள்ளவர்களிலும், புகைக்காமல், உடல் எடையைக் கட்டுக்குள் வைத்து, உடற்பயிற்சி, நல்ல உணவு என்று வாழ்ந்தவர்களுக்கு, அப்படி வாழாதவர்களைவிட இதயநோய் ஆபத்து கிட்டத்தட்ட பாதியாக இருந்தது. பரம்பரையை மாற்ற முடியாது, அதன் பலத்தைக் குறைக்க முடியும்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது...

* குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் இதயநோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்.

* லிப்போபுரோட்டீன்-ஏ டெஸ்ட் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

* சுகரோடு பிரஷர், எல்.டி.எல், சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் பாருங்கள்.

* ஸ்டாட்டின் மாத்திரையால் தசைவலி போன்ற தொந்தரவு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். டோஸை மாற்ற வழி உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமோ அத்தையிடமோ பேச்சுக்கொடுத்துப் பாருங்கள். `தாத்தா எப்படி இறந்தார்? அப்போ அவருக்கு என்ன வயசு?' அந்தப் பதில் உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்!